கொல்லைப்புறத்துப் பாசறை

பத்துப்பாட்டில் மிகச் சிறியது முல்லைப்பாட்டு. 103 அடிகளே கொண்ட அப்பாட்டில் நப்பூதனார் காட்டும் பாசறையை ஆண்டுதோறும் இளங்கலை மாணவர்க்கு விளக்குவது எங்களில் ஒருவரது தொழில். காட்டைத் திருத்தி, முள்வேலி வளைத்து, தழை வேய்ந்த கூரைகளைத் தெருத்தெருவாக நிறுத்தி, நடுவே அரசனுக்கெனத் தனியிருக்கை அமைத்திருப்பார்கள். வெளிக்காவலுக்கு யவனர், உட்காவலுக்கு வாய்பேசாத மிலேச்சர், பொழுதை அளந்து சொல்ல நாழிகைக் கணக்கர், விளக்கு அவியாமல் பார்த்துக்கொள்ள வாள் ஏந்திய மகளிர். போர் நடத்துவதைவிடப் பாசறை நடத்துவதற்கே ஆள் மிகுதியாகத் தேவைப்பட்டிருக்கும் போலும். எங்களில் மற்றவர் கூட்டுறவு வங்கியில் பணிபுரிபவர். இலக்கியத்தைக் கணக்குப் புத்தகம் போல் வாசிப்பவர். "இவ்வளவு பேரைச் சொன்ன புலவர் அண்டை வீட்டார் ஒருவரைக்கூடச் சொல்லவில்லையே" என்று அவர் ஒருமுறை கேட்டார். காட்டில் பாசறை அமைத்தவர்களுக்கு அந்தத் துன்பம் இல்லை என்பதுதான் விடை. அதை 2020 டிசம்பர் 13ஆம் நாள் இரவில் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

அவ்வாண்டு மார்ச் முதல் பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஒன்பதாம் வகுப்பு மகளும் ஐந்தாம் வகுப்பு மகனும் கைப்பேசித் திரைக்குள் கல்வி பயின்று கொண்டிருந்தார்கள். எங்கள் வீடு மயிலாடுதுறையை ஒட்டிய ஒரு பழைய தெருவில் உள்ளது. முன்பக்கம் திண்ணை, பின்பக்கம் நான்கு சென்ட் கொல்லை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் ஏறத்தாழ 1,742 சதுர அடி. அதில் ஒரு கிணறு, ஒரு கொய்யா, ஒரு துவைகல். எங்களில் ஒருவருக்குத் தாயும் மற்றவருக்கு மாமியாருமான அம்மா 2019 ஐப்பசியில் காலமானார். அதன் பின்னர் பாகம் பிரிக்கும் பேச்சு எழுந்து, கொல்லையை மட்டும் வருகிற தை மாதத்தில் விற்றுப் பணமாகப் பகிர்ந்துகொள்வதென்று முடிவாயிற்று. கோடை இரவுகளில் அந்தக் கொல்லையில்தான் அம்மா கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பேரப்பிள்ளைகளைப் படுக்க வைத்துக்கொள்வார். "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி அங்க படுத்துக்கலாமா?" என்று மகள் கேட்டாள். அழுது கேட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்போம். அவள் நாட்காட்டியைக் காட்டிக் கேட்டாள்.

நாட்காட்டியில் நியாயம் இருந்தது. டிசம்பர் 13, 14 தேதிகளின் இடைப்பட்ட இரவில் மிதுன எரிகற்பொழிவு உச்சம் கொள்ளும். நம் மரபில் புனர்பூசம் என வழங்கும் இரட்டை விண்மீன்களின் அருகிலிருந்து எரிகற்கள் சிதறுவது போலத் தோன்றும். இத்தகைய பொழிவுகள் பெரும்பாலும் வால்மீன்கள் விட்டுச்சென்ற துகள்களால் நேர்பவை. இதற்கோ 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட பேத்தான் என்னும் சிறுகோள் மூலம். நல்ல இருட்டு வானில் மணிக்கு நூற்றுக்கு மேலும் காணலாம் என்பர். அவ்வாண்டு 14ஆம் தேதி அமாவாசை. நிலவின் இடையூறும் இல்லை.

கூடாரம் இணையத்தில் வாங்கப்பட்டது. நால்வர் படுக்கலாம் என்று விளம்பரம் சொன்னது. எந்த நாட்டு நால்வர் என்று சொல்லவில்லை. நிவர் புயல் நவம்பர் இறுதியிலும் புரெவி டிசம்பர் முதல் வாரத்திலும் டெல்டாவை நனைத்துவிட்டுப் போயிருந்த நேரம். கொல்லை மண் களியாகக் கிடந்தது. அடித்த முளை ஒவ்வொன்றும் கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிற்று. அதே எளிமையோடு வெளியேயும் வந்தது. ஒரு கயிற்றைக் கொய்யாவிலும், ஒன்றைக் கிணற்று ராட்டினத் தூணிலும், ஒன்றைத் துவைகல்லிலும் கட்டினோம். நான்காம் மூலைக்கு மட்டும் கீழண்டை வேலியோரம் சற்றுக் கெட்டியான மேட்டு நிலம் கிடைத்தது. அங்கே நான்கு முளைகளை அடித்தோம்.

கீழண்டை வேலியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கிழக்கு வீட்டுப் பெரியவர் வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். வேலி தம் நிலத்துக்குள் இரண்டடி தள்ளி நிற்கிறதென்பது அவரது கட்சி. எங்கள் நிலத்துக்குள் ஓரடி தள்ளி நிற்கிறதென்பது அம்மாவின் கட்சி. இருவரும் இருபதாண்டுகள் இதைப் பேசி ஒருவரையொருவர் நன்கு அறிந்திருந்தனர். இதற்கிடையில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகும் என்று 2020 மார்ச்சில் அறிவிப்பு வந்துவிட்டது. அந்த டிசம்பர் 28ஆம் நாள் தமிழ்நாட்டின் 38ஆவது மாவட்டமாக அது தொடங்கியும் வைக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகம் வரும் ஊரில் ஓரடி மண் ஓரடி மண்ணன்று.

மாலை ஆறு மணிக்கு அவர் வேலியருகே வந்து நின்றார்.

"தம்பி, கேக்கறேன்னு தப்பா நெனைக்கக் கூடாது. இது என்ன கட்டுமானம்?"

"கூடாரம் ஐயா. இன்னைக்கு ஒரு ராத்திரிக்குத்தான்."

"ஒரு ராத்திரிக்குன்னுதான் எல்லாமே ஆரம்பிக்கும்" என்றவர், நான்கு முளைகளையும் விரல்விட்டு எண்ணினார். அரைமணி நேரங்கழித்துப் புல வரைபடத்தின் நகலோடும் அளவு நாடாவோடும் திரும்பி வந்தார். பிறர் நிலத்தை உரிமையாளர் அறியத் தன்னுடையதென்று பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அனுபவித்தால் உரிமையாளர் வழக்குத் தொடரும் காலவரம்பு கடந்துவிடும் என்பது 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம். அதை அவர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். நாங்கள் கேட்டது பன்னிரண்டு மணி நேரம் என்பதை எங்களில் வங்கியாளர் எடுத்துரைத்தார். அலகு வேறுபாட்டை அவர் பொருட்படுத்தவில்லை.

மேற்கு வீட்டு அக்காவின் ஐயம் வேறு வகைப்பட்டது. மதிற்சுவருக்கு அப்பால் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லின் மீதேறி நின்றால் எங்கள் கொல்லை முழுவதும் அவருக்குத் தெரியும். முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏம்மா, யாருக்கு?"

"எது யாருக்குக்கா?"

"எங்கிட்ட என்ன மறைக்கிறது? தனியா படுக்க வைக்கக் கூடாரம் போட்டிருக்கீங்க. யாருக்குப் பாசிட்டிவ்?"

எரிகற்களைப் பற்றிச் சொன்னோம். எரிமீன் விழுவதைக் காண்பது குடும்பத்துக்கு ஆகாது, கண்டுவிட்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். (புறநானூற்று 229ஆம் பாடலில் கூடலூர் கிழார் வானத்து மீன் விழக் கண்டு அஞ்சியதும், ஏழாம் நாளில் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மாண்டதும் நினைவுக்கு வந்தன. அக்காவுக்குப் பின்னால் ஈராயிரம் ஆண்டு மரபு நிற்கிறது. எங்களுக்குப் பின்னால் ஒரு நாட்காட்டி.) எட்டு மணிக்குள் எங்கள் நால்வருக்கும் தொற்று என்று தெரு முடிவு செய்துவிட்டிருந்தது. உறவினர் மூவரும் சக பேராசிரியர் ஒருவரும் தொலைபேசியில் நலம் கேட்டனர். பால்காரர் காலையில் பாக்கெட்டைத் தெருமுனையிலேயே வைத்துவிடுவதாகச் சொன்னார். ஒரு தூக்குச்சட்டி நிறையக் கபசுரக் குடிநீர் மதில் வழியே கயிற்றில் இறங்கி வந்தது. தெம்பாக இருந்த நாங்கள் நால்வரும் அதைக் குடித்தோம். திருப்பி அனுப்பினால் நோய் முற்றிவிட்டதென்று ஆகியிருக்கும்.

ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்தோம். நால்வர் கூடாரத்தில் நால்வரும் ஒருக்களித்துப் படுத்தால்தான் இடம் போதும். ஒருவர் புரண்டால் மற்ற மூவரும் புரள வேண்டும். தவளைகள் கிணற்றைச் சுற்றிக் கச்சேரி தொடங்கின. மகன் ஒரு பூரானைக் கண்டான், அல்லது பூரான் மகனைக் கண்டது. அதன் பிறகு கைவிளக்கை அணைக்க அவன் சம்மதிக்கவில்லை. விளக்கின் வெளிச்சத்தில் எங்கள் உருவங்கள் கூடாரத் துணியில் பெரிதாக விழுந்து, பூரான் தேடும் காட்சி முழுவதும் பாவைக்கூத்தாக வெளியே தெரிந்திருக்கிறது. வடக்கு வீட்டு மாடியிலிருந்து பிள்ளைகளின் கைதட்டல் கேட்டபோதுதான் எங்களுக்கே செய்தி புரிந்தது. அந்த வீட்டு இளைஞர் திருட்டுப் பயத்துக்காக அண்மையில் ஓர் எல்.இ.டி. விளக்கு பொருத்தியிருந்தார். கால்பந்து ஆடலாம் அந்த வெளிச்சத்தில். அணைக்க இயலுமா என்று கேட்டோம். "அணைச்சா உங்களுக்குத்தானே சார் பாதுகாப்பு இல்ல?" என்றார் மிகுந்த அக்கறையோடு. விண்மீன்களில் ஒன்றுகூடத் தெரியவில்லை. போதாக்குறைக்கு மேகமும் மூடிக்கொண்டது.

நெடுநல்வாடை வேந்தன் நள்ளிரவிலும் உறங்காமல் வாடைக் காற்றில் பாசறையைச் சுற்றி வருவான். புண்பட்ட வீரர்களைக் கண்டு ஆறுதல் சொல்வான். எங்கள் பாசறையிலும் நள்ளிரவில் ஒருவர் உறங்காமல் சுற்றிவந்தார். காலடிச் சத்தம் கேட்டது. நாயாக இருக்கும் என்று படுத்திருந்தோம். கீழண்டை மூலையில் ஏதோ நெகிழ்ந்தது. அதைத் தொடர்ந்து தூறலும், தூறலைத் தொடர்ந்து ஒரு காற்றும் வர, தாங்கிய கோல்கள் வளைந்து கூடாரம் முழுவதும் நனைந்த போர்வை போல் எங்கள்மேல் அமர்ந்தது. வாயிற் பல்லிணை எந்தப் பக்கம் என்று தெரியாமல் நால்வரும் நான்கு திசையில் தவழ்ந்தோம். மகன் பூரான் என்று அலறினான். அது மகளின் பின்னல்.

அலறலைக் கேட்டு வடக்கு வீட்டு நாய் குரைத்தது. மேற்கு வீட்டு அக்கா ஆட்டுக்கல்மீது தோன்றி, "மூச்சுத் திணறுதா? 108க்குப் போடட்டுமா?" என்றார், கைப்பேசியும் கையுமாக. வேலிக்கு அப்பால் கிழக்கு வீட்டுப் பெரியவர், தலையில் துண்டும் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் எங்கள் முளைகளுமாக நின்றார். அவர் முகத்தில் குற்றவுணர்ச்சி சிறிதும் இல்லை.

"ஆணிய மட்டும்தான் தம்பி எடுத்தேன். கூடாரத்தத் தொடல."

இதற்கு எங்களில் தமிழ் கற்பிப்பவரால் மறுமொழி கூற இயலவில்லை. வங்கியில் பணிபுரிபவர் கூறினார். அது அச்சேறத் தக்கதன்று. பெரியவர் புல வரைபடத்தைப் பற்றித் தொடங்கினார். அக்கா இருவரையும் அமைதிப்படுத்த முயன்று இருவரையும் விட உரக்கப் பேசினார். நாய் யார் கட்சி என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் தெருவின் மின்சாரம் போயிற்று.

எல்.இ.டி. விளக்கு அணைந்ததும் முதலில் நின்றது நாயின் குரல். பிறகு மற்றவர்களுடையது. தூறல் விட்டிருந்தது, மேற்கே மேகம் விலகி, உச்சிவானம் கரேலென்று திறந்து கிடந்தது. "அதோ" என்றாள் மகள். நாங்கள் நிமிர்வதற்குள் மறைந்துவிட்டது. அடுத்ததை எல்லோரும் கண்டோம். நீளமான கோடு, மெதுவாக, அவசரமின்றி, கொய்யாவுக்கு மேலே தொடங்கிக் கிழக்கே போய்க் கரைந்தது.

"அது எங்க பக்கம் விழுந்துச்சு" என்றார் பெரியவர்.

யாரும் மறுக்கவில்லை. அக்கா ஒவ்வொரு முறையும் "பச்ச மரத்தப் பாருங்க, பச்ச மரத்தப் பாருங்க" என்று எங்கள் கொய்யாவை நோக்கிக் கையை நீட்டினார். அந்த இருட்டில் அது பச்சையா கறுப்பா என்று யாருக்குத் தெரியும். இருந்தும் பார்த்தோம். மகள் சுவடியில் எண்ணிக்கை குறித்துக்கொண்டாள்; பெரியவர் தனியே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். நாற்பது நிமிடங்களில் மகளுக்குப் பதினேழு, அவருக்குப் பத்தொன்பது. இடையில் ஒருமுறை, கூடாரத்தைப் பார்த்தபடி, "ஒங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் என்ன உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பாங்க" என்றார். சற்றுப் பொறுத்து, "கயித்துக் கட்டில் இருந்துச்சே, அத எடுத்துப் போட்டிருக்கலாம். ஆணி வேண்டாம்" என்றார். கட்டிலின் கயிறு அறுந்து பரணில் கிடப்பதைச் சொன்னோம். மின்சாரம் திரும்பி வந்தது. அவரவர் வீட்டுக்குள் போனோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இணைய வகுப்பு. பாடம் முல்லைப்பாட்டு அன்று, நன்னூல்.

2021 தையில் கொல்லையை வாங்கியவர் கிழக்கு வீட்டுப் பெரியவர்தான். சந்தை விலைக்கு ஒரு ரூபாய் குறையாமல் தந்தார். வேலி யார் நிலத்தில் நின்றது என்ற வழக்கு, இரு பக்கமும் ஒருவருடையதானதால், தீராமலே முடிந்தது. அளவை செய்ய வந்த நாளில் பழைய நாளிதழில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எங்களிடம் நீட்டி, "ஒங்க பொருள்" என்றார். பிரித்துப் பார்த்தபோது மூன்று முளைகள் இருந்தன. நாங்கள் அடித்தவை நான்கு. மூன்றைத்தான் எடுத்ததாக அவர் சொல்கிறார். நான்கு என்று மகள் சொல்கிறாள். சுவடியில் குறித்தும் வைத்திருக்கிறாள். கொய்யா மரத்தை அவர் இன்னும் வெட்டவில்லை.