நாற்பது வளைவுகளும் ஐந்து நிமிஷமும்

ஒரு நாள் உல்லாசப் பிரயாணத்துக்குத் திட்டம் போடுவது, சர்க்கார் ஐந்தாண்டுத் திட்டம் போட்டதைக் காட்டிலும் சிரமமான காரியம். அதில் தவறு நேர்ந்தால் அடுத்த ஐந்தாண்டில் திருத்திக்கொள்ள இடமிருந்தது. இதில் தவறினாலோ, அன்று சாயங்காலமே குடும்பத்தாருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்!

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவையில் நமது இல்லத்துக் கூடத்தில் வால்பாறைப் பிரயாண மகாநாடு கூடிற்று. மூத்த பையன் கைப்பேசியும் காகிதமுமாக உட்கார்ந்து பட்டியல் தயாரித்தான். ஆழியாறு அணை, கவியருவி, புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகள், நல்லமுடிப் பூஞ்சோலை, சோலையாறு அணை, சின்னக்கல்லாறு என்று பதினொரு இடங்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் நேரமும் குறித்தான். பதினொன்றையும் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்று அவன் கணக்கு சொல்லிற்று.

நாம் நமது கணக்கைச் சொன்னோம். கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோ மீட்டர்; அங்கிருந்து வால்பாறை சுமார் 65. தூரம் அற்பந்தான். ஆனால் ஆழியாறு தாண்டியதும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போது நாற்பது, இறங்கும்போது நாற்பது, ஆக எண்பது. சின்னப் பெண்ணின் வயிறு எத்தனையாவது வளைவு வரையில் பொறுக்கும் என்பதைக் கைப்பேசி சொல்லவில்லையே!

இவ்வளவு நேரமும் சாய்வு நாற்காலியில் மௌனமாக இருந்த நமது தாயார் அப்போது மெள்ளக் கேட்டார்: "ஏன் அப்பா, ரொட்டிக்கடையில் ஐந்து நிமிஷம் வண்டியை நிறுத்த முடியுமா?"

ரொட்டிக்கடை என்பது கடையின் பெயரல்ல. வால்பாறைக்குச் சற்று முன்னால் உள்ள ஓர் ஊரின் பெயர். பையனின் பட்டியலில் அது இல்லை.

"அங்கே பார்க்க என்ன பாட்டி இருக்கிறது?" என்றான்.

"பார்க்க ஒன்றும் இல்லை, கண்ணு. நான் அங்கேதான் பிறந்தேன்."

கூடத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பாட்டனார் ஆனைமலைத் தோட்டம் ஒன்றில் கம்பவுண்டராக இருந்தவர் என்பது நமக்குத் தெரியும். எந்த ஊரில் என்று இத்தனை வருஷமாக நாம் கேட்டதில்லை. பதினொரு இடங்களின் சரித்திரத்தைக் கைப்பேசியில் தேடிய வீட்டில், அந்த மலையிலிருந்து வந்த ஒருவரை யாரும் விசாரிக்கவில்லை என்றால், வெட்கப்பட வேண்டியது நாம்தானே?

பிறகு தாயார் சொன்னார். விடாத மழை, காலில் ஏறும் அட்டை, கங்காணிகள் முன்பணம் கொடுத்து அழைத்துவந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த லைன் வீடுகள், காய்ச்சல் என்று நடுநிசியில் கதவைத் தட்டினால் லாந்தரும் மருந்துப் பெட்டியுமாகப் புறப்படும் தகப்பனார். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் நாம் வியந்து பார்க்கும் தேயிலைச் சரிவு முழுவதும், அடர்ந்த காட்டை வெட்டி மனிதர்கள் கையால் நட்டது. மலேரியாவில் மாண்டவர் பலர். தோட்டத்து டாக்டராக இருந்த பி. எச். டானியல் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் அவர்கள் பட்ட பாட்டைச் சொல்கிறது. 'எரியும் பனிக்காடு' என்று தமிழிலும் வந்திருக்கிறது. தோட்டம் போட்ட கார்வர் மார்ஷ் துரைக்கு மலைச் சாலையோரத்தில் சிலை உண்டு. கொழுந்து கிள்ளிய பெண்களுக்கு அந்தத் தேயிலைச் செடிகள்தாம் சிலை போலும்!

மகாநாடு மறுபடி கூடிற்று. இப்போது மூன்றே இடங்கள். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, ஆழியாறு அணையருகே இட்டிலி. மேற்கே பாய்ந்த மலைநீரைத் திருப்பிக் கொங்குச் சீமை வயல்களுக்குக் கொண்டுவந்தது, சுதந்திரம் பெற்றபின் நம்மவர் நிறைவேற்றிய பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம். அதைக் குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டே தெரிந்துகொள்ளலாம். அடுத்து ஒன்பதாவது வளைவு. அணையின் நீர்ப்பரப்பு கீழே கண்ணாடித் துண்டுபோல் தெரியும் இடம் அது. அதிர்ஷ்டம் இருந்தால் பாறையில் வரையாடும் தென்படும். மூன்றாவது, ரொட்டிக்கடை.

மற்ற விதிகளும் ஏகமனதாக நிறைவேறின. ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பலாகாது. குரங்குக்குத் தீனி போடக் கூடாது. கொண்டுபோன பையெல்லாம் திரும்பி வர வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு மலையை விட்டுப் புறப்பட வேண்டும். பனிமூட்டம் இறங்கினால் சாலை தெரியாது, இருட்டினால் அது யானைகளின் சாலை.

"எட்டு இடம் குறைந்துவிட்டதே!" என்று பையன் முதலில் முணுமுணுத்தான். மலை எங்கும் ஓடிவிடாது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சமாதானம் சொன்னோம். எழுபத்தெட்டு வயதுத் தாயாரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, தாயார் பழைய கம்பளிச் சால்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மேஜைமேல் பையனின் காகிதம் இருந்தது. ரொட்டிக்கடைக்கு எதிரே 'ஐந்து நிமிஷம்' என்று எழுதியிருந்ததை அவன் அடித்துவிட்டிருந்தான். பக்கத்தில், 'பாட்டி போதும் என்கிற வரையில்' என்று எழுதியிருந்தது.