வெள்ளையடிப்பதா? இடித்துக் கட்டுவதா?



ஆண்டு மலருக்கு எழுதித் தருகிறேன் என்றதும், "கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்து கிடக்கு" என்று மலர்க் குழுவினர் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். ஓர் இணையதளத்தை எப்போது மாற்றிக் கட்ட வேண்டும்? "பழசாகிவிட்டால் மாற்ற வேண்டியதுதானே, இதில் என்ன கேள்வி!" என்று நம் கம்ப்யூட்டர் பிரிவில் பாதிப் பேர் சொல்வீர்கள். எங்கள் புராஜெக்ட் குழுவில் நான்கு பேரில் மூன்று பேர் அப்படித்தான் சொன்னார்கள். நான்காவது ஆள் நான்.

என் அப்பா வாசுதேவநல்லூரில் கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவை வீடு பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் "இடிச்சுக் கட்டணும் கொத்தனாரே" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்பா உடனே வாய் திறக்க மாட்டார். கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போவார். பொத்தென்று சத்தம் கேட்டால் அந்த இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது. விரிசல் பூச்சோடு நிற்கிறதா, செங்கல் வரை போயிருக்கிறதா, அடியில் ஓதம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் பேச்சு. பல வீடுகளுக்கு "வெள்ளையடிச்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு வருவார். வந்த வேலையை விட்டுட்டு வாறீங்களே என்று அம்மா சத்தம் போடுவது தனிக்கதை!

சென்ற ஆண்டு குற்றாலத்தில் ஒரு விடுதியில் அப்பா பூச்சு வேலை பார்த்தார். அதன் முதலாளி, "உம்ம மவ கம்ப்யூட்டர்லா படிக்கா? நம்ம வெப்சைட்டு ரொம்பப் பழசாயிட்டு வே. புதுசாப் போட்டுத் தரச் சொல்லும்" என்றாராம். இருபதாயிரம் ரூபாய் பேச்சு. முகப்பில் அருவி வீடியோவாக ஓட வேண்டும், எழுத்தெல்லாம் தங்க நிறத்தில் மின்ன வேண்டும், இதுதான் அவர் கேட்டது. பங்கு போட்டால் ஆளுக்கு ஐயாயிரம்! டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர நினைக்கிற எனக்கு அந்த ஐயாயிரம் எவ்வளவு பெரிது என்று உங்களில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நண்பர்கள் அன்றைக்கே கலர் தேர்ந்தெடுக்க உட்கார்ந்துவிட்டார்கள். நான், "முதல்ல சுவத்தத் தட்டிப் பாப்போம்" என்றேன். ஐந்தே ஐந்து பேரைப் பயன்படுத்த வைத்துப் பார்த்தால் ஒரு தளத்தின் பெரும்பாலான குறைகள் வெளியே வந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். ஐந்து பேருக்கா பஞ்சம்? அம்மா, சித்தி, மினி பஸ் ஓட்டும் மாமா, பஸ் ஸ்டாண்டு டீக்கடை அண்ணாச்சி, ஒன்பதாவது படிக்கும் தங்கச்சி. ஒவ்வொருவர் கையிலும் போனைக் கொடுத்து, "நாலு பேர் தங்க என்ன வாடகைன்னு பாருங்க, பிறகு அந்த விடுதிக்குப் போன் போடுங்க" என்று மட்டும் சொன்னோம். வாய் திறந்து உதவி செய்யக் கூடாது என்பது நிபந்தனை. (சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.)

வாடகைப் பட்டியல் ஒரு பி.டி.எஃப். கோப்பு. போனில் திறந்தால் எறும்பு எழுத்து. போன் நம்பரைப் படமாகப் போட்டிருந்தார்கள். மாமா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், அழைப்பு போகவே இல்லை. பிறகு டீக்கடை பில் அட்டையில் எழுதிவைத்துக்கொண்டு போட்டார். அம்மா எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுல தண்ணி விழுதா இல்லியான்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டாள். சீசனுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்கிற கேள்வி அதுதானே! தளத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரியது, 'விசாரிக்க' என்ற படிவம். அதை நிரப்பி அனுப்பினால், வேலையை விட்டுப் போய்விட்ட பழைய மேலாளரின் மின்னஞ்சலுக்குப் போகிறது! எழுதிய யாருக்கும் பதில் போயிருக்காது. தங்க எழுத்து போட்டால் மட்டும் போய்விடுமா?

அந்தப் பச்சைக் கலர் பழசாக இருக்கிறது என்று ஐந்து பேரில் ஒருவரும் சொல்லவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

அப்படியென்றால் இடித்துக் கட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். சில இடங்களில் கட்டித்தான் ஆக வேண்டும். தமிழ்த் தளங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களில் ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஒரு எழுத்துரு வைத்திருந்தது. அதை இறக்கிப் போட்டுக்கொள்ளாதவர்களுக்குப் பக்கம் முழுக்கக் கிறுக்கல்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகளைத் தரமாக்கினார்கள். பிறகு யூனிகோடு பரவியது. 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசும் அதை ஏற்றது. பழைய குறியீட்டில் இருந்த பக்கத்தை எவ்வளவு அழகாக அலங்கரித்தாலும், தேடுபொறியில் தமிழில் தேடினால் அகப்படாது. அது செங்கல் வரை போன விரிசல். பிளாஷை நம்பிக் கட்டிய தளங்களும் அப்படித்தான். 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுவனம் பிளாஷைக் கைவிட்டது.

ரயில் டிக்கெட் தளத்தையும் பாருங்கள். வாசுதேவநல்லூருக்கு ரயில் கிடையாது, சங்கரன்கோவில் போய்த்தான் பொதிகை பிடிக்க வேண்டும். ஆனால் தட்கால் நேரத்தில் விரல் துடிப்பது எங்களுக்கும் உண்டு! 2002-இல் தொடங்கிய ஐ.ஆர்.சி.டி.சி. தளம் கூட்டம் தாங்காமல் திணறியது. 2014-இல் உள்ளே இருந்த இயந்திரத்தையே மாற்றி, நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்ததை 7,200 ஆக்கினார்கள். 2018-இல்தான் முகத்தை மாற்றினார்கள். அப்போதும் லாகின் செய்யாமலே இடம் இருக்கிறதா என்று பார்க்க வழி செய்தார்கள். அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

எதிர்மாறாகவும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடை 2014 பிப்ரவரியில் சுமார் 15 கோடி பவுண்டு செலவில் புதுத் தளம் திறந்தது. பழைய வாடிக்கையாளர்களும் மறுபடி பதிவு செய்ய வேண்டி வந்தது. அடுத்த காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் இறங்கியது. பழகிய வீட்டில் இருட்டிலும் ஸ்விட்சைத் தொட்டுவிடுகிறோம் அல்லவா? புது வீட்டில் தடவத்தானே வேண்டியிருக்கிறது!

இதையெல்லாம் எழுதிக்கொண்டு முதலாளியிடம் போனோம். "சார், முழுசா மாத்த வேண்டாம். வாடகைப் பக்கம், தொடர்புப் பக்கம் ரெண்டையும் போனுக்கு ஏத்த மாதிரி எழுதுறோம். நம்பரைத் தொட்டா அழைப்பு போகும். படிவம் உங்க மின்னஞ்சலுக்கே வரும். முகப்புல ஒரு வரி, இன்னைக்கு எந்த அருவியில தண்ணி விழுதுன்னு. அதை நீங்களே போன்ல இருந்து மாத்திக்கலாம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ வீடியோ?" என்றார். சிக்னல் கிடைக்காத மலையடிவாரத்தில் வீடியோ ஓடாது என்று என் தோழி அங்கேயே போனில் காட்டினாள். இருபதாயிரம் ஆறாயிரமாகச் சுருங்கியது. திரும்பி வரும் பஸ்ஸில் தென்காசி தாண்டும் வரை யாரும் என்னோடு பேசவில்லை.

கைடு சாருக்கும் திருப்தியில்லை. "புதுசா ஒண்ணும் செய்யலியே, அப்போ உங்க புராஜெக்ட்தான் என்ன?" என்றார். ஐந்து பேர் எங்கெங்கே நின்றார்கள், எத்தனை நிமிடம் தடவினார்கள், திருத்திய பிறகு எவ்வளவு ஆனது என்ற பட்டியலைக் காட்டினோம். மாமா முதலில் போன் போட நான்கு நிமிடம் ஆனது, பிறகு அரை நிமிடம். சார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். மதிப்பெண் இன்னும் வரவில்லை.

அப்பாவிடம் ஆறாயிரம் என்று சொன்னபோது, "விரிசல் எங்கன்னு எழுதிக் குடுத்தியாட்டி?" என்று மட்டும் கேட்டார். கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு மூன்றோ நான்கோ புதுக் குறை சேர்ந்தால், ஒட்டுப்போடுகிற செலவு புதுக்கட்டு செலவைத் தாண்டிவிடும். அப்போது தயங்காமல் இடிக்கலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறேன். அந்தக் குறிப்பு நோட்டின் நகல் கம்ப்யூட்டர் லேப் அலமாரியில் இருக்கிறது. ஜூனியர்கள் யாராவது குற்றாலம் போனால் எடுத்துக்கொண்டு போங்கள், சீசன் தொடங்குவதற்குள்.