டோல்கேட்டிலிருந்து கப்பலேறுவோருக்கு

டோல்கேட் கடற்கரைச் சாலையில் மாலை வேளையில் நின்று கிழக்கே நோக்குவோர், துறைமுகத்துக்குள் நுழையத் தம் முறை வருமட்டும் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களைக் காணலாம். சாலையிலோ சரக்குப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள் அதே துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும். இவ்விரு வரிசைகளுக்கும் நடுவே வாழ்கிறவர்கள் நம் பங்கு மக்கள். சரக்கேற்றி இறக்கியோரும், காசிமேட்டிலிருந்து மீன்பிடிக்கச் சென்றோரும் நம்மிடையே பலர் உண்டு. ஆயினும், பயணியாகக் கப்பலேறியோர் மிகச் சிலரே.

முன்பு நிலைமை வேறு. 1973 வரை 'ரஜூலா'வும், அதன்பின் 'சிதம்பர'மும் சென்னையிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவரைச் சுமந்து சென்றன. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் 'சிதம்பரம்' தீப்பற்றி உயிர்ச்சேதம் நேர்ந்தபின் அந்தப் பயணம் முடிவுற்றது. அந்தமானுக்குச் செல்லும் கப்பல்கள் மட்டும் தொடர்ந்தன. 2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 2023 ஜூனில் அது இலங்கைக்கும் சென்றது. அன்றுமுதல், "ஒரு முறையேனும் போய் வருவோமா?" என்னும் பேச்சு நம் இல்லங்களிலும் எழுந்துள்ளது.

அப்படி எழுந்த ஓர் இல்லத்திலிருந்து, ஒரு நாள் அந்தி வேளையில், அறுபதைக் கடந்த தாய் ஒருவர் நம் பங்கு இல்லத்துக்குத் தனியே வந்தார். திருமண நாளை முன்னிட்டுப் பிள்ளைகள் பணம் சேர்த்துப் பெற்றோருக்குக் கப்பற்பயணம் ஏற்பாடு செய்திருந்தனர். "சாமி, பிள்ளைங்க ஆசையா டிக்கெட் எடுத்துட்டாங்க. எனக்குக் கடலை நினைச்சாலே கை கால் நடுங்குது. அவங்ககிட்ட சொல்லவும் மனசு வரல" என்று கண்கலங்கினார். மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். உடன்பிறந்த அண்ணன் இளவயதில் கடலுக்குச் சென்று திரும்பவில்லை; உடலும் கிடைக்கவில்லை.

அஞ்சவேண்டாம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. போகாதிருந்தாலும் குற்றமில்லை என்றோம். ஆனால், தெரியாததே அச்சத்தைப் பெருக்கும் ஆதலால், தெரிந்தவற்றை ஒரு தாளில் எழுதித் தந்தோம். நாமும் குருப்பட்டம் பெற்ற புதிதில் போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ மூன்று நாள் கப்பலில் சென்று, முதல் நாள் முழுவதும் தலைதூக்க இயலாமற் கிடந்தவரே. அத்தாளில் எழுதியவை பிறருக்கும் உதவக்கூடும்.

புகைப்பட அடையாள அட்டை கையோடு இருக்கட்டும். அயல்நாட்டுத் துறைமுகத்தில் நிற்கும் கப்பலாயின் கடவுச்சீட்டும் உரிய அனுமதியும் தேவை. கப்பல் புறப்படும் நேரத்துக்கு முன்னரே பயணிகளை ஏற்றுவதை முடித்துவிடுவார்கள். லாரி வரிசையை நம்பிப் புறப்படலாகாது. 2021 பிப்ரவரி முதல் டோல்கேட்டில் மெட்ரோ இரயில் நிற்கிறது. மண்ணடியிலோ உயர்நீதிமன்றத்திலோ இறங்கி, பயணச்சீட்டில் குறித்த துறைமுக வாயிலுக்கு ஆட்டோவில் செல்லலாம்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு, அறைக்குப் பின்னரே அனுப்புவர். எனவே மருந்து, மருத்துவர் சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். இஸ்திரிப் பெட்டி, மின் அடுப்பு போன்றவற்றுக்குப் பெரும்பாலும் அனுமதியில்லை.

குமட்டலுக்கு அஞ்சுவோர், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறையைக் கேட்டுப் பெறுக. அங்கே ஆட்டம் குறைவு. ஐப்பசி, கார்த்திகைப் புயற்காலத்தைத் தவிர்க்கலாம். மாத்திரையைக் குமட்டல் வந்தபின் விழுங்கிப் பயனில்லை. மருத்துவரைக் கேட்டு முன்னதாகவே உட்கொள்ளவேண்டும். மேல்தளத்துக் காற்றில் நின்று தொடுவானத்தை நோக்குவது நல்லது. வெறும் வயிறு ஆகவே ஆகாது. புயலில் சிக்கிய கப்பலில் புனித சின்னப்பர், பதினான்கு நாளாக உண்ணாதிருந்த 276 பேரையும் உண்ணச் செய்து, தாமும் அப்பத்தைப் பிட்டு உண்டதை அப்போஸ்தலர் பணிகள் 27-ஆம் அதிகாரம் கூறுகிறது. அப்போஸ்தலருக்கு அருள் மட்டுமன்று, கப்பல் அனுபவமும் இருந்தது!

புறப்படும் வேளையில் ஆபத்துக்காலப் பயிற்சி நடைபெறும். அதை விளையாட்டாக எண்ணற்க. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால், குறித்த இடத்தில் கூடவேண்டும். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையருகே 'கோஸ்டா கான்கார்டியா' கவிழ்ந்து 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய பயணிகள் பலருக்கு அப்பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அதன்பின்னரே புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் பயிற்சி என்பது உலக விதியாயிற்று.

நடுக்கடலில் கைப்பேசிக் கட்டணம் மிக அதிகம். விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். அறை அட்டையைக் காட்டி வாங்கும் ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும். இரவுதோறும் கணக்கைப் பாருங்கள். சூதாட்டக் கூடம் கண்ணில் பட்டால், பிள்ளைகள் சிறுகச் சேர்த்த பணம் நினைவுக்கு வரட்டும். இடைத்துறையில் இறங்கினால் குறித்த நேரத்துக்குள் திரும்புக, கப்பல் காத்திராது. பல கப்பல்களில் குருவானவர் இரார். ஞாயிறு கடலில் கழியுமாயின் சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்குகொண்டு செல்லலாம். உணவு பரிமாறுவோரும் அறை துடைப்போரும் பல மாதம் வீட்டைப் பிரிந்திருப்பவர்கள். அவர்களிடம் இரண்டொரு வார்த்தை அன்பாகப் பேசுங்கள்.

அந்தத் தாய் சென்று வந்தார். திரும்பிய மறுநாள் அத்தாளை நம்மிடம் நீட்டினார்; மடிப்பெல்லாம் நைந்திருந்தது. இரண்டாம் நாள் விடியலில் கணவரோடு மேல்தளத்தில் நின்று, அண்ணனுக்காகச் செபமாலை சொன்னாராம். தளம் கழுவிக்கொண்டிருந்த தூத்துக்குடி இளைஞர் ஒருவர் வாளியை வைத்துவிட்டு மறுமொழி சொன்னாராம். "அவர் கல்லறை எங்கேன்னு தெரியாம இருந்தேன் சாமி. இப்போ போய்ப் பார்த்துட்டு வந்த மாதிரி இருக்கு" என்றார்.

தாளின் அடியில் பென்சிலால் ஒரு வரி சேர்த்திருந்தார்: "செபமாலை மறக்காம எடுத்துப் போகவும்." அதை எழுத நாம் மறந்துவிட்டோம். கடலின் விண்மீனாம் அன்னை மரியாள், கடலில் செல்லும் நம் மக்கள் யாவரையும் கரைசேர்ப்பாராக.