தூரைச் சுற்றிக் கொஞ்சம் மண்

சித்திரை வெயிலில் சென்னைத் தெருவில் மரம் தேடுகிறவர் இஸ்திரி வண்டியைத் தேடினால் போதும். வண்டி நிற்கிற இடத்தில் மரம் இருக்கும். செருப்புத் தைப்பவர், இளநீர் வெட்டுபவர், பூக்கட்டும் அம்மா, ஆட்டோ ஸ்டாண்டு என்று எத்தனையோ பேருக்கு மரந்தான் கூரை. எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி போடுகிற அண்ணன், நிழல் நகர நகர வண்டியையும் நகர்த்துவார். கையில் கரிப்பெட்டியின் அனல். தலையிலும் வெயில் இறங்கினால் பதினோரு மணிக்கே துணியை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பார். மரத்தின் பயனைச் சொல்லத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆக்ஸிஜனில் தொடங்குகிறார்கள். எனக்கு இந்த வண்டிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

நிழல் மட்டுமல்ல, வேர் உறிஞ்சும் நீரை இலைகள் ஆவியாக விடும்போது சுற்றியிருக்கும் காற்றும் குளிர்கிறது. தார்ச்சாலையும் கான்கிரீட் சுவரும் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் வெளியே விடும். மொட்டைமாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரமுள்ள தெருவில் சாலை அவ்வளவு சூட்டை வாங்குவதே இல்லை.

இந்த நிழலைச் சென்னை பெருமளவில் இழந்த நாளும் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மடகாஸ்கரிலிருந்து வந்த மயில்கொன்றை, வேகமாக வளரும் இயல்வாகை போன்றவை ஏராளமாக விழுந்தன. வெளிநாட்டு மரம் என்பதால் விழுந்தது என்று அப்போது பலரும் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. பூவரசு, புங்கம், மகிழம் போன்ற நம் மரங்களை நிறைய நட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அது பாதிக் கதைதான். நடைபாதைக்குச் சிமெண்ட் போடும்போது தூர்வரை பூசிவிடுகிறோம். மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டும்போது பக்கவேர்களை அறுக்கிறோம். மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டி, எடை முழுவதையும் மறுபக்கம் சாய்த்து விடுகிறோம். பிடிமானமும் சமநிலையும் போன மரம் நாட்டு மரமாக இருந்தாலும் புயலில் எப்படி நிற்கும்?

தூருக்கு மூச்சுவிட இடம் தர வேண்டும் என்பது புதிய யோசனையல்ல. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே டெல்லி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டர்தான் மழைநீர் வேருக்கு இறங்கும் வழி.

மக்களுக்கு மரத்தின் மீது பாசம் இல்லை என்று நான் நம்பவில்லை. கன்று நடும் விழாவுக்குக் கூட்டம் வருகிறது. அதற்குப் பிறகு வரும் இரண்டு கோடைகளில்தான் ஆள் குறைகிறது. மரம் வளர்ந்த பிறகும் சருகு குப்பையாகிறது, காரின் மேல் காக்கை எச்சம் விழுகிறது, கடைப் பலகை மறைகிறது என்று மனத்தாங்கல்கள் வருகின்றன. இவற்றைக் கேலி செய்வதில் பயனில்லை. தினமும் வாசல் பெருக்குகிறவருக்குச் சருகு உண்மையான வேலை. தெருவே அந்த வேலையைப் பகிர்ந்துகொண்டால் வெட்டச் சொல்லும் குரல் அடங்கும். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த நிலம் இன்று மரப்பூங்காவாக நிற்கிறது. ‘நிழல்’ அமைப்பினரும் தன்னார்வலர்களும் நட்ட பிறகும் விடாமல் வந்து தண்ணீர் ஊற்றிக் களையெடுத்ததால் நடந்தது அது. மரங்களில் அடித்த ஆணிகளைப் பிடுங்கும் வேலையையும் அவர்கள் செய்கிறார்கள். பொதுமக்கள் ஆதரவு என்றால் அதுதான்.

உங்கள் தெருவில் சிமெண்டுக்குள் கழுத்து இறுகி நிற்கும் மரம் ஒன்றாவது இருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதன் தூரைச் சுற்றி மண்ணைத் திறந்துவிடச் சொல்லி மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள். சென்னையில் இருப்பவர்கள் 1913 என்ற எண்ணிலும் சொல்லலாம். மனுவில் குடியிருப்போர் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. அந்த மரத்தடியில் பிழைப்பவர்களிடமும் கேட்டு வாங்குங்கள்.