சாக்ஸ் புராணம்

சாக்ஸுக்கெல்லாம் ஒரு பதிவான்னு சிரிக்காதீங்க மக்களே. போன வருஷம் வரைக்கும் நானும் சிரிச்ச ஆளுதான்.

நமக்குப் பொழப்பு எலக்ட்ரானிக் சிட்டியில பொட்டி தட்டுறது. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடிச்சு கிருஷ்ணகிரியில இறங்கி, வேப்பனப்பள்ளி வந்து சேர்ந்தா ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் ஊர்வாசம். சனிக்கிழமை காலையில சைக்கிளை எடுத்துக்கிட்டு தீர்த்தம் பக்கமா கர்நாடக எல்லை வரைக்கும் ஒரு மிதி. வழியெல்லாம் மாந்தோப்பு. இருட்டோட கிளம்பினா யானை பயம், லேட்டா கிளம்பினா வெயில் பயம். அதனால நல்லா விடிஞ்சப்புறம்தான் கிளம்புறது.

ஆரம்பத்துல ஆபீசுக்குப் போடுற காட்டன் சாக்ஸையே மாட்டிக்கிட்டுப் போவேன். உடம்புக்குப் பருத்திதான் நல்லதுன்னு சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்தவங்கதானே நாம. ஒரு நாள் ஆசைப்பட்டு அறுபது கிலோமீட்டர் மிதிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழட்டினா குதிகால்ல ஒரு கொப்புளம், சுண்டுவிரல்ல ஒண்ணு. திங்கக்கிழமை ஆபீசுக்குச் செருப்போட போய் மேனேஜர் முன்னாடி நெளிஞ்சதுதான் மிச்சம்.

விடுவோமா? எஞ்சினியர் மூளை முழிச்சுக்கிச்சு. எக்ஸெல் ஷீட் திறந்தாச்சு.

விஷயம் இதுதான். ரெண்டு பாதத்துலயும் சேர்த்து சுமார் ரெண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பி இருக்கு. நிமிஷத்துக்கு 80 சுத்துன்னு மிதிச்சா ஒரு மணி நேரத்துல 4800 தடவை கால் ஷூவுக்குள்ள அழுந்தி எழும்புது. ஈரமான தோலும் உரசலும் சேர்ந்தா கொப்புளம் வராம வேற என்ன வரும்? சாதாரண காத்துல பருத்தி தன் எடையில 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். நைலான் நாலு, நாலரை. அதாவது பருத்தி வேர்வையைக் குடிச்சுட்டு அங்கேயே உக்காந்துக்கும், பாலியஸ்டர் வெளிப்பக்கமா கடத்தி விட்டுடும். மெரினோ கம்பளி 16 சதவீதம் வரைக்கும் குடிச்சாலும் கால்ல நசநசன்னு ஒட்டாது, நாத்தமும் கம்மி. விலையைப் பாத்தாதான் மயக்கம் வரும்.

அடுத்தது விரல் முனைத் தையல். சாக்ஸைக் குழாய் மாதிரி பின்னிட்டு, கடைசியில வாயை மூடுற இடம் அது. சாக்ஸை உள்பக்கம் திருப்பி, அந்த இடத்தை விரலால தடவிப் பாருங்க. மேடு தட்டுப்பட்டா வைங்க கீழே. தடிமனும் முக்கியம். ஷூ சரியா இருக்கும்போது மொத்தமான சாக்ஸைத் திணிச்சா விரல் மரத்துப் போகும். உயரம் உங்க இஷ்டம். நமக்கு இல்லாத கஷ்டம் ரேஸ்காரங்களுக்கு இருக்கு. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுப்பாதியைத் தாண்டி சாக்ஸ் ஏறக்கூடாதுன்னு உலக சைக்கிள் சங்கத்துல சட்டமே உண்டு!

இப்படி ஆராய்ச்சி பண்ணி, நைலான் கலந்தது மூணு ஜோடி வாங்கினேன். கறுப்பு. அப்பதான் அழுக்கு தெரியாது. மேல் பட்டை நல்லா இறுக்கிப் பிடிக்கும், இறங்கவே இறங்காது. விலையைக் கேட்டுட்டு அப்பா சொன்னார்: "இந்தக் காசுக்கு மூணு சோடி செருப்பு வாங்குவேன்டா."

அப்பாவும் சைக்கிள்காரர்தான். என்னை மாதிரி வாரத்துக்கு ஒரு நாள் இல்ல, தினமும். கேரியர் வெச்ச பழைய கனத்த சைக்கிள், ரப்பர் செருப்பு, வீட்டுல இருந்து தோப்புக்கு, தோப்புல இருந்து வீட்டுக்கு. பெங்களூரா காய் இறக்குற சீசன்ல நாளைக்கு நாலு நடை.

அப்படி ஒரு சனிக்கிழமை. திண்ணையில உக்காந்து நான் சாக்ஸ் மாட்டிக்கிட்டு இருந்தேன். உள்ள இருந்து அம்மா, "யாரு கால்லடா ரத்தம்?"னு கத்தினாங்க. சிமென்ட் தரையில வாசல்ல இருந்து சமையக்கட்டு வரைக்கும் திட்டுத் திட்டா ரத்தம். எல்லாரும் அவங்கவங்க காலைப் பாத்தோம். அப்பாவும் குனிஞ்சு பாத்தார். அவர் கால்தான். பெடல் ரப்பர் தேஞ்சு, நீட்டிட்டு இருந்த இரும்பு கிழிச்சிருக்கு. அவருக்குத் தெரியவே இல்ல. பதினோரு வருஷமா சுகர்.

டாக்டர் அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு நைலான் இழையை எடுத்து, அது வளையுற வரைக்கும் பாதத்துல அங்கங்க அழுத்தினார். 10 கிராம் அளவு அழுத்தம்தானாம். பட்டா சொல்லணும். ரெண்டு இடத்துல "ம்"னார். அப்புறம் சத்தமே இல்ல. டாக்டர் முடிச்சுட்டு இழையைக் கீழே வெச்சப்புறம் அப்பா கேட்டார்: "ஆரம்பிக்கலாங்களா சார்?"

அதுக்கப்புறம் டாக்டர் சொன்னதெல்லாம் என் எக்ஸெல் ஷீட்டைத் தலைகீழாக் கவுத்துச்சு. மூடின ஷூ போடணும், சாக்ஸ் இல்லாமப் போடக்கூடாது. மேல் பட்டை இறுக்கக்கூடாது. தையல் மேடு இருந்தா உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடணும். தினமும் மாத்தணும். நிறம்? வெள்ளை. ரத்தமோ நீரோ கசிஞ்சா உடனே தெரியணுமில்ல. அழுக்கு தெரியக்கூடாதுன்னு நான் கறுப்பு வாங்கினவன்.

எனக்குக் கொப்புளம் வந்தப்ப வலி வந்து "போதும், நிறுத்து"ன்னுச்சு. நான் அதைத் திட்டினேன். அப்பாவுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்ல. அந்த வேலையைத்தான் சாக்ஸ் பாக்கணும்.

அன்னைக்கே பெடலை மாத்தினேன். ஆறு ஜோடி வெள்ளை சாக்ஸும் வாங்கினேன். முதல் நாள் ஷூ, சாக்ஸோட அப்பா சைக்கிள்ல போனப்ப, டீக்கடையில இருந்து ஒருத்தர் "ஏமன்னா, பெள்ளி கொடுகா?"ன்னு கேட்டாராம். மாப்பிள்ளையான்னு! ரெண்டு நாள் சாக்ஸைத் தொடல. மூணாவது நாள் அம்மா திட்டினதுல மறுபடியும் போட்டார்.

இப்ப தினமும் ராத்திரி எட்டு மணிக்கு போன். முன்னெல்லாம் "சாப்ட்டியா?"ன்னு ஆரம்பிப்பார். இப்ப டியூப்லைட் வெளிச்சத்துல சாக்ஸைக் கழட்டித் திருப்பிப் பாத்துட்டு, முதல் வார்த்தையே இதுதான்:

"இன்னைக்கும் வெள்ளைதான்டா."

உங்க வீட்டுலயும் சுகர்காரங்க இருந்தா, இன்னைக்கு ராத்திரி அவங்க காலை ஒரு தடவை பாத்துடுங்க.