மலிவான இருட்டு

மருத்துவமனை அறை. கட்டிலில் ஒரு பெண். தலையையும் முகத்தையும் துணிக்கட்டு முழுக்க மூடியிருக்கிறது. முகத்தைச் சரிசெய்துகொள்ள அவள் வந்திருப்பது இது பதினோராவது தடவை. இதற்கு மேல் அரசாங்கம் அனுமதிக்காது. இப்போதும் சரியாகாவிட்டால், அவளைப் போன்றவர்களை ஒதுக்கி வைத்திருக்கும் ஊருக்குப் போய்விட வேண்டியதுதான். டாக்டர் பரிவோடு பேசுகிறார். நர்ஸுகள் தங்களுக்குள் முணுமுணுக்கிறார்கள். ஆனால் ஒருவர் முகமும் நமக்குச் சிக்குவதில்லை. யாராவது முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது நிழலில் நிற்கிறார்கள், அல்லது காமிரா அவர்கள் கையோடு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1960 நவம்பர் 11 அன்று ஒளிபரப்பான ‘ஐ ஆஃப் த பிஹோல்டர்’ இது. ‘ட்வைலைட் ஸோன்’ தொடரின் இரண்டாம் ஆண்டு. அறுபது வருடத்துக்கு மேல் ஆன பிறகு முடிவைச் சொல்வது பாவமில்லை என்று நினைக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் விரும்பினால் அடுத்த நாலு வரியைத் தாண்டிவிடலாம். கட்டு அவிழ்கிறது. உள்ளே இருப்பது அழகான முகம். மாற்றமே இல்லை என்று டாக்டர் அரண்டு பின்வாங்குகிறார். விளக்கு எரிகிறது. சுற்றி நிற்கும் அத்தனை பேருக்கும் பன்றி மூக்கு, குழிவிழுந்த கண், முறுக்கிக்கொண்ட உதடு. அவள்தான் அங்கே விகாரம்.

இந்த முடிவு தெரிந்த பிறகும் பல தடவை பார்த்திருக்கிறேன். திருப்பம் மட்டுமே சரக்கு என்றால் இரண்டாவது தடவை பார்க்க என்ன இருக்கிறது? எனக்கு இரண்டாவது தடவைதான் பிடித்தது. எப்படி ஒளித்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதில் தனி ருசி. இயக்குநர் டக்ளஸ் ஹேய்ஸ் நடிகர்களின் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுத் தேர்வு செய்தாராம். கேட்பவர் மனதில் நல்ல முகம் ஒன்று தானாக உருவாக வேண்டும் என்பது கணக்கு. கட்டுக்குள் இருந்த நடிகை மாக்ஸின் ஸ்டூவர்ட். கட்டு அவிழ்ந்ததும் தெரிபவர் டோனா டக்ளஸ். ஒளிப்பதிவு ஜார்ஜ் கிளெமன்ஸ். மறு ஆண்டு இந்தத் தொடருக்காக அவருக்கு எம்மி விருது கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவற்றை நான் சின்ன வயதில் பார்த்தவன் இல்லை. சென்னையில் தொலைக்காட்சி வந்ததே 1975-இல். எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் நான் பார்த்தது வயலும் வாழ்வும், ஒளியும் ஒலியும். அமெரிக்காவின், பிரிட்டனின் அந்தக் காலத்து விஞ்ஞானத் தொடர்களை நாற்பது வயதைத் தாண்டிய பிறகு கம்ப்யூட்டரில்தான் பார்த்தேன். ஆகவே இது பால்ய நினைவின் மயக்கம் இல்லை. வேறு ஏதோ பிடித்து வைத்திருக்கிறது.

பண நெருக்கடியில்தான் அதன் வேர் இருக்கிறது என்பது என் கட்சி. ஒரு அரைமணிக் கதையைச் சுமார் மூன்று நாளில் எடுத்து முடிக்க வேண்டும். வேற்றுக்கிரகம், எதிர்கால நகரம், பறக்கும் தட்டு எல்லாம் வாராவாரம் வேண்டும். ட்வைலைட் ஸோன் படமானது எம்.ஜி.எம். ஸ்டூடியோவில். அங்கே 1956-இல் ‘ஃபர்பிடன் பிளானட்’ என்ற பெரிய செலவுப் படத்துக்காகச் செய்த சாமான்கள் கிடங்கில் கிடந்தன. அந்தப் படத்தின் விண்கலமும் உடைகளும் தொடரில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். ‘த இன்வேடர்ஸ்’ கதையில் ஒரு கிழவியின் பண்ணை வீட்டு மேல் இறங்கும் தட்டும் அதுதான். அந்த அரைமணி முழுக்க ஆக்னஸ் மூர்ஹெட் ஒருவர்தான், ஒரு வார்த்தை பேச மாட்டார். மூச்சிரைப்பும் முனகலும் மட்டும். ஒரு வீடு, ஒரு நடிகை, ஒரு மெழுகுவர்த்தி, பழைய படத்தின் மிச்சம். சுவரில் பாதிக்கு வெளிச்சமே விழாவிட்டால் அந்தப் பாதியைக் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. இருட்டு மலிவு.

கறுப்பு வெள்ளை என்றாலே அழகு என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அதற்கு ட்வைலைட் ஸோனே சாட்சி. இரண்டாம் ஆண்டில் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். ஆறு கதைகளை ஃபிலிமில் எடுக்காமல் வீடியோ டேப்பில் எடுத்தார்கள். ஒரு கதைக்கு ஐயாயிரம் டாலர் வாக்கில் மிச்சம். அதே தொடர், அதே கறுப்பு வெள்ளை. போட்டுப் பாருங்கள்: எல்லா இடத்திலும் ஒரே சீரான, தட்டையான வெளிச்சம். நிழல் செத்துவிட்டது. ‘ட்வென்டி டூ’ என்ற கதை நடப்பதும் மருத்துவமனையில்தான். பிணவறையைத் திரும்பத் திரும்பக் கனவில் காணும் ஒரு நடனக்காரியைப் பற்றியது. பயப்பட வேண்டிய கதை. செட்டின் அட்டை தெரிகிறது, பயம் போய்விடுகிறது. கிறிஸ்துமஸ் தாத்தாவாக ஆர்ட் கார்னி வரும் ‘த நைட் ஆஃப் த மீக்’கும் இப்படி எடுத்ததுதான், அதைக் கார்னியின் நடிப்பு காப்பாற்றுகிறது. ஆறோடு அந்த முயற்சியை விட்டுவிட்டார்கள்.

இதன் மறுபக்கம் ஏ.பி.சி.யின் ‘த அவுட்டர் லிமிட்ஸ்’. 1963 முதல் 1965 வரை 49 கதைகள். வாரம் ஒரு பூதம் வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். மனித முகம் கொண்ட எறும்புகள் வரும் ‘த ஸான்டி மிஸ்ஃபிட்ஸ்’ பெயர்பெற்றது. எறும்புகள் தெளிவாகத் தெரியும் இடங்களில் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஆனால் அந்தத் தொடரின் முதல் ஆண்டுக்குப் பல கதைகளை ஒளிப்பதிவு செய்தவர் கான்ராட் ஹால். பிற்பாடு மூன்று ஆஸ்கர் வாங்கியவர். அவர் பூதத்தைக் காட்டுவதற்கு முன்னால் ஒரு சுவரையும் அதில் விழும் வெளிச்சத்தையும் காட்டுவார். பூதம் வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

என் அக்கா மகனுக்கு இருபத்தி மூன்று வயது. மருத்துவமனைக் கதையை அவனுக்கு அனுப்பினேன். மத்தியானம் பஸ்ஸில் போய்க்கொண்டே போனில் பார்த்துவிட்டு, “மாமா, இதுல ஒண்ணுமே தெரியலையே, பாதி நேரம் ஸ்க்ரீன்ல என் மூஞ்சிதான் தெரியுது” என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ராத்திரி ஹால் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு அவன் சொன்னது எனக்குத் தோன்றாத விஷயம். “டாக்டர் மூஞ்சிய காட்டலைங்கிறதே எனக்கு உறைக்கல மாமா. காட்டின மாதிரியே இருந்துச்சு.” ஹேய்ஸ் போட்ட கணக்கு அறுபது சொச்சம் வருடம் கழித்தும் தப்பவில்லை. அதே கதையை 2003-இல் வண்ணத்தில் திரும்ப எடுத்தார்கள். முகங்கள் மறைந்துதான் இருக்கின்றன. ஆனால் வண்ணத்தில் நிழல் இயல்பாக இல்லை; ஏன் இந்த ஆஸ்பத்திரியில் யாரும் லைட் போடுவதில்லை என்ற கேள்வி வந்துவிடுகிறது. கேள்வி வந்த நிமிடமே ரகசியம் போயிற்று.

வெளிச்சத்தை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் ராட் செர்லிங்குக்கு அநியாயம். தொடரை உருவாக்கியவர், 156 கதைகளில் 92-ஐ எழுதியவர். இரண்டாம் உலகப்போரில் பாராசூட் வீரராக பிலிப்பைன்ஸில் சண்டையிட்டுக் காயம்பட்டவர். முப்பது வயதுவாக்கில் நேரடித் தொலைக்காட்சி நாடகங்களில் பெயர் வாங்கிவிட்டார். ஆனால் அவர் எழுத நினைத்தது வேறு. 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை அடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களை ஜூரி விடுவித்தது. அதை மனதில் வைத்து ஒரு நாடகம் எழுதினார். ஸ்பான்சர் கம்பெனிக்குத் தென்மாநிலத்துக்காரர்களின் புறக்கணிப்பு மிரட்டல் போனது. கொலையானவன் யாரோ வெளிநாட்டுக்காரன் ஆனான். கதை வடகிழக்கே நியூ இங்கிலாந்துக்குப் போனது. கோகோ கோலா பாட்டில் தெற்கை ஞாபகப்படுத்தும் என்று மேஜையிலிருந்து அதையும் எடுத்துவிட்டார்களாம். 1956-இல் ‘நூன் ஆன் டூம்ஸ்டே’ என்று ஒளிபரப்பானபோது டில் அதில் எங்கேயும் இல்லை.

1959 செப்டம்பரில், ட்வைலைட் ஸோன் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, மைக் வாலஸ் அவரைப் பேட்டி எடுத்தார். இனித் தொலைக்காட்சிக்கு முக்கியமாக எதுவும் எழுதப்போவதில்லை, அப்படித்தானே என்கிற மாதிரி கேட்டார். சமூகப் பிரச்சினைகளைத் தொடுவதைத்தான் முக்கியம் என்கிறீர்கள் என்றால் ஆமாம், தொடப்போவதில்லை என்றார் செர்லிங். முகத்தில் சலனமே கிடையாது, கையில் சிகரெட். ஸ்பான்சர்களை ஏமாற்றிய பேட்டி அது. ஆறு மாதம்கூட ஆகவில்லை, ‘த மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்’ வந்தது. ஒரு தெருவில் மின்சாரம் நிற்கிறது. ஒருவன் கார் மட்டும் தானாகக் கிளம்புகிறது. அவன் ராத்திரியில் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பவன் என்று பக்கத்து வீட்டுக்காரிக்கு ஞாபகம் வருகிறது. இருட்டியதும் நடந்து வருபவன் யாரென்று பார்க்காமல் சுடுகிறார்கள். சுடப்பட்டவன் அந்தத் தெருக்காரனே. கடைசியில் குன்றின் மேல் இரண்டு வேற்றுக்கிரகவாசிகள், எம்.ஜி.எம். கிடங்கு உடையில், சாவகாசமாக வேடிக்கை பார்க்கிறார்கள்.

அந்த இரண்டு பேர் கதைக்கு வேண்டியதில்லை என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். தெருக்காரர்களே போதும். இப்போது அப்படித் தோன்றவில்லை. குன்றின் மேல் அவர்கள் உட்காராவிட்டால் தெருவையே எடுக்க விட்டிருக்க மாட்டார்கள். விண்கலம்தான் அந்தக் கதைக்கு வாங்கிய அனுமதிச் சீட்டு.

இதற்காக எல்லாவற்றையும் மெச்ச வேண்டியதில்லை. 92 கதை எழுதியவரிடம் சொத்தை இருக்கத்தான் செய்யும். செர்லிங்குக்குப் பிரசங்க ஆசை உண்டு. கோபம் தலைக்கேறினால் பாத்திரங்கள் மேடைப் பேச்சாளர் ஆகிவிடும். 1963-இல் ஒருமணி நேரமாக நீட்டிய 18 கதைகளில் முக்கால்வாசி இழுவை. நகைச்சுவையாக எழுதியவை பெரும்பாலும் சகிக்காது.

பிரிட்டனில் கை இன்னும் இறுக்கம். 1953 கோடையில் பி.பி.சி. ‘த க்வாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்’ என்ற ஆறு வாரத் தொடரை அலெக்ஸாண்ட்ரா பாலஸிலிருந்து நேரடியாக ஒளிபரப்பியது. விண்வெளிக்குப் போன மூன்று பேரில் ஒருவன்தான் திரும்பி வருகிறான். அவனும் மெல்ல மெல்லத் தாவரம் போன்ற ஏதோ ஒன்றாக மாறிக்கொண்டிருக்கிறான். கடைசி வாரம் அந்தப் பூதம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் தோன்ற வேண்டும். அந்த வருடம் ஜூன் மாதம்தான் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவை அதே அபேயிலிருந்து நாடே தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. பூதத்துக்குப் பணமில்லை. எழுதிய நைஜல் நீல் தன் காதலியோடு உட்கார்ந்து ஒரு ஜோடிக் கையுறையில் செடிகொடிகளை ஒட்டினார். அபேயின் பெரிதாக்கிய புகைப்படத்தில் ஓட்டை போட்டு அதன் வழியே கையை விட்டு ஆட்டினார். அந்தக் காதலி ஜூடித் கெர். பின்னாளில் தேநீருக்கு வந்த புலியைப் பற்றி எழுதி உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குப் பிடித்தமானவர்.

அந்தக் கையுறை திரையில் எப்படி இருந்தது என்று இன்று பார்க்க வழியில்லை. ஆறில் முதல் இரண்டு பகுதிகளைத்தான் பதிவு செய்தார்கள். மிச்சம் ஒளிபரப்பானதோடு சரி.

பதிவு செய்ததையும் அழித்தார்கள். 1963 நவம்பர் 23-இல் தொடங்கிய பி.பி.சி. தொடர் ‘டாக்டர் ஹூ’வின் அறுபதுகளின் அத்தியாயங்களில் நூறுக்குப் பக்கம் காணவில்லை. டேப் விலை அதிகம், திரும்பப் பயன்படுத்தலாம், யார் இதையெல்லாம் மறுபடி பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம். ஆனால் ஒலி அத்தனையும் இருக்கிறது. வீட்டில் டேப் ரெகார்டர் வைத்திருந்த ரசிகர்கள் தொலைக்காட்சி ஒலிபெருக்கியின் முன் மைக்கை வைத்துப் பதிந்துகொண்டார்கள். அந்தத் தொடரில் காலத்தில் தாவும் போலீஸ் பெட்டி கிளம்பும் ஓசை, ப்ரையன் ஹாட்ஜ்ஸன் தன் அம்மாவின் வீட்டுச் சாவியைப் பியானோ கம்பியில் இழுத்து உண்டாக்கியது. அதைப் படமில்லாமல் கேட்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

அதே தொடரில் 1966-இன் ‘த பவர் ஆஃப் த டாலெக்ஸ்’ ஆறு பகுதியும் தொலைந்தது. 2016-இல் பழைய ஒலியை வைத்து அனிமேஷன் செய்தார்கள், முதலில் கறுப்பு வெள்ளையில்தான். மனிதர்களை ஏமாற்றுவதற்காக, தாங்கள் அவர்களுக்குச் சேவகர்கள் என்று, டாக்டரின் எதிரிகளான டாலெக்குகள் தங்கள் உலோகக் குரலில் பணிந்து சொல்லும் கதை. கோட்டுச் சித்திரங்கள் விறைப்பாக நடமாடுகின்றன. குரலைத் தனியாகக் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. நான் ஒலியோடு நிறுத்திக்கொண்டேன். அக்கா மகன் கட்சி வேறு. டாலெக்குகள் முதன்முதலில் வந்த கதையைச் சுருக்கி வண்ணம் பூசி 2023-இல் பி.பி.சி. வெளியிட்டது, அவனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. “நீங்க காசில்லாம எடுத்ததைக் கலைன்னு சொல்றீங்க மாமா” என்கிறான். பாதி சரி. அவன் சொல்லும் வண்ணப் பதிப்பை ஒருநாள் முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். உலோக நகரத்தின் சுவர்களுக்கு நல்ல நிறம் கொடுத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் அட்டை முடிகிறது என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது.