மைலேஜ் செட்டிங்கும் சித்தப்பாவோட பிஸ்டனும்

எங்க பட்டுக்கோட்டைப் பக்கம் யாராவது பைக் வாங்கினா, முதல் கேள்வியே "எவ்ளோப்பா குடுக்குது?"ங்கிறதுதான். லிட்டருக்கு 60ன்னு சொன்னா "பரவால்ல". 50ன்னு சொல்லிட்டா துக்கம் விசாரிக்க வந்த மாதிரி ஒரு பார்வை :) அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் பட்டறைல போய் "அண்ணே, மைலேஜ் செட்டிங் பண்ணி விடுங்க"ன்னு நிப்பாங்க.

அது என்ன செட்டிங்? கார்புரேட்டர்ல காத்தோட கலக்குற பெட்ரோலைக் குறைக்கிறது. வெளிய இருக்கற ஸ்க்ரூ, ஐடிலுக்கும் மெதுவா போறதுக்கும் மட்டும்தான். அதோட நிறுத்தினா பெரிய சேதம் வராது. உள்ள இருக்கற நீடிலை இறக்குறது, மெயின் ஜெட்டையே சின்னதா மாத்துறதுன்னு போகும்போதுதான் வினை.

ஏன்னா, 1 கிலோ பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிலோ காத்து போதும். ஆனா லோடு ஏத்திக்கிட்டு ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது இந்தக் கணக்கு ஒத்து வராது. 1க்கு 13ங்கிற மாதிரி பெட்ரோல் கூடுதலா வேணும். அந்தக் கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கும். அதை வெட்டினா சூடு எகிறும், 'டக் டக்'னு நாக்கிங் வரும், எக்ஸாஸ்ட் வால்வ் கருகும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் ஸ்லீவ் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். இடைவெளி காணாமப் போய் உரசி, கடைசில ஜாம்!

பழைய டூ ஸ்ட்ரோக் டிவிஎஸ் எக்ஸ்எல் இன்னும் மோசம். அதுல ஆயில் பெட்ரோலோட கலந்துதான் உள்ள போகும். பெட்ரோலைக் குறைச்சா ஆயிலும் சேர்ந்தே குறையும். வாய்க்கால்ல தண்ணி குறைஞ்சா என்னாகும்னு கடைமடைக்காரங்க நமக்கு யாரும் சொல்லித்தர வேணாம்.

எங்க சித்தப்பா மதுக்கூர் ரோட்ல ரெண்டு பால் கேனை மாட்டிக்கிட்டு தினமும் போறவர். 2012 மாடல் நூறு சிசி வண்டி. செட்டிங் பண்ணின மூணாவது மாசம், சித்திரை வெயில்ல, கேனோட நடுரோட்ல நின்னுடுச்சு. கிக்கர் கல்லு மாதிரி இறங்கவே இல்ல. அன்னிக்கு பால் திரிஞ்சது மட்டுமில்ல, ரெண்டு வாடிக்கை வீடும் போச்சு. செட்டிங் பண்ணின பட்டறைல கேட்டா "ஆயில் பாக்காம ஓட்டியிருப்பீங்க"ன்னு பதில். பிளக்கைக் கழட்டிப் பாத்தா நுனி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை. ஆயிலும் அளவு சரியாத்தான் இருந்துச்சு.

"தம்பி, இன்ஜினியரிங் படிச்சியே, இப்ப என்ன பண்ணலாம் சொல்லு"ன்னார். (பொட்டி தட்டுறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?) வேற ஒரு மெக்கானிக் அண்ணன்கிட்ட போய் உக்காந்து கத்துக்கிட்டதை அப்படியே சொல்றேன்:

வண்டி ஓடுது, ஆனா இழுவை இல்லன்னா, முதல்ல கம்ப்ரஷன் பாக்கணும். குறைவா இருந்தா பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டுத் திரும்பப் பாக்கணும். ஏறினா ரிங் தேஞ்சிருக்கு. ஏறலன்னா பெரும்பாலும் வால்வ். வால்வ் லேசா கருகியிருந்தா லேப்பிங் பண்ணலாம், ஓரம் உடைஞ்சிருந்தா புதுசுதான்.

ஜாம் ஆகியும் கோடு ஆழமா இல்லன்னா, சிலிண்டர்ல ஒட்டின அலுமினியத்தை எடுத்து, ஹோனிங் பண்ணி, புது பிஸ்டன் ரிங் போட்டா போதும். நகத்துல தட்டுப்படுற கோடுன்னா லேத்ல போரிங். 0.25, 0.50 மில்லிமீட்டர்னு அடுத்த சைஸ் பிஸ்டன் போடணும். கடைசி சைஸும் முடிஞ்சிருந்தா புது பிளாக்-பிஸ்டன் செட். புது மாடல் சிலதுல ஸ்லீவுக்குப் பதிலா பூச்சு பூசின சிலிண்டர் வரும். அதுக்கு சாதாரண போரிங் ஆகாது, மாத்தத்தான் வேணும். எதைப் பண்ணினாலும் கனெக்டிங் ராடு ஆட்டத்தையும் பாத்துடுங்க.

சித்தப்பாவுக்கு 0.50ல முடிஞ்சது. ஜெட், நீடில் ரெண்டும் கம்பெனி அளவுக்கே திரும்பிடுச்சு. காரணத்தை விட்டுட்டு பிஸ்டனை மட்டும் மாத்தினா, அடுத்த சித்திரைக்கும் அதே ரோடுதான்.

இப்ப இன்னொரு சிக்கலும் சேந்திருக்கு. 2023ல அறிமுகமாகி 2025ல நாடு முழுக்க வந்த இ20 பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளயே ஆக்ஸிஜன் இருக்கறதால 14.7க்குப் பதிலா சுமார் 13.5 காத்து போதும். 2020 பிஎஸ்6க்கு அப்புறம் வந்த வண்டிகள்ல பெரும்பாலும் ஃப்யூல் இன்ஜெக்ஷன். சென்சார் பாத்து ஓரளவு சரிபண்ணிக்கும். கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. கம்பெனி அளவுல வச்சிருந்தாலே கலவை கொஞ்சம் வறண்டுதான் போகும். அதுக்கு மேல மைலேஜ் செட்டிங்னா?

சரி, என்ன மிச்சம்? மாசம் 900 கிலோமீட்டர், 55 குடுக்கறது 62 ஆச்சுன்னே வைங்க. ரெண்டு லிட்டர் கூட இல்ல. அதுக்கு சித்தப்பா குடுத்தது ஒரு இன்ஜின் வேலை, ஒன்பது நாள் பால் வியாபாரம், ரெண்டு வீடு. அந்த வீட்டுக்காரங்க இன்னும் திரும்பி வரல.

பி.கு: பிளக் நுனி காபித்தூள் நிறத்துல இருந்தா நிம்மதியா தூங்கலாம். வெள்ளையா இருந்தா இன்டேக் ரப்பர்ல வெடிப்பு இருக்கான்னும் பாருங்க. அது வழியா காத்து புகுந்தாலும் இதே கதைதான். உங்க வண்டி அனுபவத்தையும் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்கா.